செல்வாவுக்கு, தோ பாயோவிலிருந்து

அன்பு மகன் செல்வாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். ஒரே சிங்கப்பூருக்குள், தோ பாயோவிலிருந்து பொங்கோலுக்குக் கடிதமா என்று நீ கேட்பாய். போனில் தட்டினால் எனக்கு இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை. கூப்பிட்டால் நீ "மீட்டிங்ப்பா, அப்புறம் பேசுறேன்" என்கிறாய். பேனா பிடித்தால்தான் எனக்குச் சொல்ல வருகிறது.

போன புதன்கிழமை உங்கள் பக்கம் வந்திருந்தேன். அம்மா அரைத்த ரசப்பொடியைக் கொடுக்கத்தான். காலை பத்தரை மணி இருக்கும். வாட்டர்வே கால்வாய் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தேன், அப்புறம் திரும்பிவிட்டேன். வேலை நாளில் வீட்டில் யார் இருக்கப் போகிறீர்கள் என்று மேலே வரவில்லை. பொடி டப்பா இங்கேதான் இருக்கிறது. தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டை உனக்கு நன்றாக இருக்கிறது.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இனியனைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, "தாத்தா, அப்பா என்கூட விளையாடுறதே இல்ல" என்றான். அழவில்லை, கோள் சொல்வதுபோலவும் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான். அதுதான் என்னை உறுத்துகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது பழகிப்போகக் கூடாது தம்பி.

பிள்ளையோடு விளையாடக் காசு வேண்டாம். சென்டோசா வேண்டாம், மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் விளையாட்டுக் கூடமும் வேண்டாம். நம் புளோக்குக்குப் பின்னால் சாகா மரம், ஊரில் மஞ்சாடி என்பார்களே, அது இருக்கிறதல்லவா, நீ சின்ன வயதில் அதன் விதையை மைலோ டின் நிறையப் பொறுக்கி வைத்திருந்தாயே. அந்த டின் இன்னும் அலமாரியில் இருக்கிறது. உள்ளே விதை ஒன்றுகூட நிறம் மங்கவில்லை. காய்ந்த காய் முறுக்கிக்கொண்டு வெடிக்கும், விதை தெறித்துப் புல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். குனிந்து தேட வேண்டும், அதுதான் விளையாட்டே. நூறு எண்ணச் சொல், தமிழில் எண்ணச் சொல். ஊரில் பொற்கொல்லர்கள் இதை வைத்துத்தான் தங்கம் நிறுத்தார்கள். நாலு விதை சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம். உங்கள் சமையலறைத் தராசில் போட்டுப் பார்க்கட்டும், அவன் கண்ணைப் பார். வாயில் மட்டும் போடாமல் பார்த்துக்கொள்.

அம்மா ஐந்து கல் தைத்து வைத்திருக்கிறாள், இந்த ஊர் முறையில், துணியில். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சின்னத் துண்டை மடித்து இரண்டு பக்கம் தைத்துப் பையாக்கி, உள்ளே பச்சைப்பயறு போட்டு, திறந்த வாயை அடித்தையலுக்குக் குறுக்கே பிடித்துத் தைத்தாள். உடனே அது நாலு மூலை உள்ள குட்டிக் கூம்பு ஆகிவிட்டது. முட்ட நிரப்பக் கூடாதாம், கையில் கொஞ்சம் தொய்வாக உட்கார வேண்டுமாம். ஐந்தில் ஒன்று உன் பழைய பள்ளிச் சட்டைத் துணி. இனியனுக்கு ஐந்தும் ஒரேயடியாக வேண்டாம். ஒன்றை மேலே போட்டு அதே கையால் பிடிக்கட்டும். அது கைவந்த பிறகு, மேலே போனது இறங்குவதற்குள் கீழே கிடக்கிற ஒன்றை எடுக்கட்டும். நீயும் கூட உட்கார்ந்து தவறவிடு. அப்பாவுக்கும் தவறும் என்று பார்த்தால் பிள்ளை விடாமல் முயற்சி செய்வான்.

பூமலைக்கு, அதான் தாவரவியல் தோட்டத்துக்கு, கூட்டிப்போ. அங்கே ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பெரியவர்கள் பிள்ளை இல்லாமல் போனால் உள்ளே விட மாட்டார்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற வேலை நாட்களில் கூட்டம் இருக்காது. இல்லாவிட்டால் இரட்டை மாடி பஸ்ஸில் ஏறி, மேலே முன்வரிசையில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பி வாருங்கள். ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அட்டை இருந்தால் அதுவும் இலவசம். போகிற வழியில் சிவப்பு வண்டி உனக்கு, வெள்ளை வண்டி அவனுக்கு. நீ தோற்றுவிடுவாய், பரவாயில்லை. மழை விட்டதும் காகிதக் கப்பல் விடுங்கள். பெரிய சாக்கடைப் பக்கம் போக வேண்டாம், நடைபாதை ஓரத்தில் ஓடும் தண்ணீர் போதும். இதற்கெல்லாம் காசு வேண்டாம் தம்பி. இரண்டு தரம் சொல்கிறேன் என்று நினைக்காதே.

காசு என்றதும் இன்னொன்று. முதல் தேதி நீ அனுப்பிய ஐந்நூறு வெள்ளியை அம்மா தொடவில்லை. எங்களுக்கு சிபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்புப் பணம் மாதாமாதம் வருகிறது, இரண்டு பேருக்கு அதுவே போதும். கொஞ்ச நாளைக்கு அனுப்பாதே. எங்களுக்கு இது குறை இல்லை. நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நீ. அந்தப் போட்டோவை ஹாலில் வெயில் படாத சுவருக்கு மாற்றி மாட்டியிருக்கிறேன். உன் சம்பளம் எவ்வளவு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். ஆனால் இரண்டு மாதமாக நீ இந்தப் பக்கம் வரவில்லை. ஏன் என்று அம்மா தினம் கேட்கிறாள். பிஸி என்று நானும் தினம் சொல்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

டிராகன் விளையாட்டுத் திடல் நினைவிருக்கிறதா? லோரோங் 6-ல், ஓடு பதித்த தலையும் இரும்பு வளைய உடம்பும். 1979-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டியது, வரைந்தவர் கோர் இயன் கீ. பின்னால் இருந்த புளோக்கை இடித்தபோதும் டிராகனை மட்டும் விட்டுவைத்தார்கள். இனியனை அங்கே ஏற்றி இறக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும், இல்லையென்றால் சறுக்கு சுட்டுவிடும்.

அந்த டிராகனைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக இந்தத் தாளை வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

1985-ல் ஊரெல்லாம் ஆட்குறைப்பு நடந்தது. நான் வேலை பார்த்த கப்பல் பட்டறையில் எங்கள் வெல்டிங் குழுவில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். நானும் அதில் ஒருவன். உனக்கு அப்போது நாலு வயது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஏழு வாரம், தினமும் காலை ஆறு மணிக்கு வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு இறங்கிவிடுவேன். இரண்டு மூன்று இடத்தில் வேலை கேட்டுவிட்டு, மீதி நேரம் தோ பாயோ தோட்டத்தில், கோபுரத்துக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். டப்பாவை அங்கேயே திறந்து சாப்பிடுவேன்.

ஒருநாள் சாயங்காலம் லோரோங் 6 வழியாக வந்தேன். நீ டிராகன் தலையில் நின்றுகொண்டிருந்தாய். அம்மா தள்ளி நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு சீன அங்கிள் தன் மகளைப் பிடித்து இறக்கினார். அடுத்து நீ சறுக்கி வந்தாய், உன்னையும் பிடித்தார். நீ சிரித்த சிரிப்பு தூண் வரைக்கும் கேட்டது. ஆமாம், நான் புளோக் தூணுக்குப் பின்னால் நின்றேன். வேலை முடிகிற நேரம் இன்னும் ஆகவில்லை, அதனால் நான் உன்னிடம் வரவில்லை. நீ நாலைந்து தரம் ஏறினாய், நாலைந்து தரமும் அவர்தான் பிடித்தார். நான் ஐந்தரை மணி வரைக்கும் அங்கேயே நின்றேன்.

ஏழு வாரம் தம்பி. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. அதில் ஒரு மணி நேரம்கூட உனக்குக் கொடுக்கவில்லை. மறுபடி வேலை கிடைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. எந்த ஓவர்டைம் வந்தாலும் வேண்டாம் என்று சொன்னதில்லை. 87 நவம்பர் 7, முதல் எம்ஆர்டி ரயில் ஓடிய நாள். இயோ சூ காங்கிலிருந்து நம் தோ பாயோ வரை ஐந்தே நிலையம். உன்னைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அன்றைக்கும் வேலைக்குப் போனேன். நீ அழுதாயா என்றுகூட எனக்குத் தெரியாது.

இதை நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமை பொங்கோலிலிருந்து திரும்பி வந்து, அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டாம் நாளே தெரியும். துவைக்கப் போட்ட சட்டையில கருகல் வாசனை இல்ல" என்றாள். நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாளாம். மருமகள் கவிதாவும் கெட்டிக்காரி.

இனியனை டிராகனுக்குக் கூட்டி வா. சனி ஞாயிறு என்று பார்க்காதே, செவ்வாய், புதன், எந்த நாளானாலும் சரி. காலை ஏழரைக்கு நான் அங்கே இருப்பேன், தினமும் அந்தப் பக்கம்தான் நடக்கிறேன். பொடி டப்பாவையும் எடுத்து வருகிறேன். அவனை நீ மேலே ஏற்றிவிட்டுக் கீழே வந்து நில். நீதான் பிடிக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா