தம்பிக்கு, கெண்டைக்கால் விஷயமாக

கடலூர், திருப்பாதிரிப்புலியூர்
ஞாயிறு இரவு

தம்பி,

இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் இரண்டு பேரும் சுகம்தானே?

இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தாலே "சரிப்பா, சரிப்பா, வெச்சிடட்டா" என்று நாலு நிமிஷத்தில் முடித்துவிடுகிறாய். காகிதம் என்றால் அப்படி வைக்க முடியாது பார். முந்திரி பார்சலோடு இதையும் போடுகிறேன். முந்திரியைப் பிரிக்கிற கையோடு படித்துவிடு.

உன் காலைப் பற்றித்தான். போன வாரம் பேச்சுவாக்கில் சொன்னாயே, ராத்திரி இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் சதை இறுகிக் குரக்களி பிடித்து, கத்திக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்தபடி ஐந்து நிமிஷம் தனியாக நின்றேன் என்று. ஒரே மாதத்தில் இது நாலாவது தடவை என்றும் சொன்னாய். சொன்ன கையோடு கிரிக்கெட்டுக்குத் தாவிவிட்டாய். நானும் கிரிக்கெட்டுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் மனசு உன் வீட்டுச் சுவர் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குரக்களி பிடித்ததும் காலை மடக்காதே. வலியில் முழங்காலை மடக்கிச் சுருண்டுகொள்ளத்தான் தோன்றும். பாதம் தானாகக் கீழே குத்திக்கொண்டு நிற்கும். சதை ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கிறது, நீயும் மடக்கினால் இன்னும்தான் சுருங்கும். முழங்காலை நீட்டு. விரல்கள் உன் முகத்தைப் பார்க்கிற மாதிரி பாதத்தை மேலே திருப்பு. கட்டைவிரலை மட்டும் பிடித்து இழுப்பது நம் ஊர் வழக்கம், அது போதாது. முன்பாதம் முழுவதையும் மெதுவாக, விடாமல் இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் மறுநாள் நொண்டுவாய். எழுந்து நிற்க முடிந்தால் குதிகாலைத் தரையில் அழுத்தி நில். நீ சுவரைப் பிடித்து நின்றது தப்பில்லை. விட்ட பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடு. அந்த இடம் இரண்டு நாள் கன்றிப்போன மாதிரி வலிக்கும், பயப்படாதே.

பக்கத்தில் ஆள் இருந்தால் இவ்வளவு பாடே வேண்டாம். ஒரு கையால் குதிகாலைத் தாங்கி, மறு கையால் முன்பாதத்தை முழங்கால் பக்கமாகத் தள்ளினால் ஒரு நிமிஷத்தில் விட்டுவிடும். பலமே தேவையில்லை, சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம். மருமகளுக்கு ஒரு தடவை காட்டிவை.

மூன்று ஞாயிறாக அவளிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஒரு வாரம் குளிக்கப் போயிருந்தாள், ஒரு வாரம் கடைக்குப் போயிருந்தாள், போன வாரம் தலைவலி. தலைவலிக்கு என்ன போட்டுக்கொள்கிறாள்? நான் கேட்டதாகச் சொல்.

உனக்கு ஏன் இது வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். நாள் முழுக்க சிமென்ட் தரையில், அந்த இரும்பு வைத்த ஷூவோடு நிற்கிறாய். பக்கத்தில் கொதிக்கிற மெஷின். வியர்வையாக ஊற்றும், ஆனால் ஷிஃப்டில் பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீர் குடிக்க மாட்டாய். அம்மா பிள்ளைதானே நீ. தண்ணீரைக் குடி. உப்புப் போட்ட மோராக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், சின்ன வயசில் உனக்கு வீசிங் வருமே, அந்த இன்ஹேலர் இன்னும் இழுக்கிறாயா? அதில் சில வகைக்குக் குரக்களி வருமாம். நீயாக நிறுத்திவிடாதே, டாக்டரிடம் சொல்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். தை மாதத்திலிருந்து எனக்கும் பிடிக்கிறது. நீ கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுதான், நீ உன்னுடையதை இத்தனை நாள் சொல்லவில்லை, நான் என்னுடையதைச் சொல்லவில்லை.

முதல் தடவை வந்தபோது உயிர் போகிறது என்றே நினைத்தேன். கெண்டைக்கால் என்று சும்மாவா பேர் வைத்தார்கள்! கையை வைத்துப் பார்த்தால் தோலுக்கு அடியில் கெண்டை மீன் ஒன்று துள்ளி அப்படியே கல்லாகிவிட்ட மாதிரி இருந்தது. குனிந்து பாதத்தைப் பிடிக்கலாம் என்றால் இந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு கை எட்டவில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். நல்ல மனுஷன், உட்காரவைத்துப் பேசினார். முக்கால்வாசிப் பேருக்கு இதற்குக் காரணம் என்று ஒன்று அகப்படவே அகப்படாதாம். வயசானால் வரும், நாளெல்லாம் நிற்பவர்களுக்கு வரும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வரும் என்றார். சர்க்கரை, தைராய்டு, கிட்னி எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருக்கிறது. பிரஷருக்கு நான் போடுகிற நீர் பிரிகிற மாத்திரையாலும் இருக்கலாம் என்று அதை மட்டும் மாற்றிக் கொடுத்தார். தெருமுனை மெடிக்கலில் ஒரு சத்து மாத்திரை கொடுத்தார்களே என்று மெக்னீசியம் அட்டையைக் காட்டினேன். வயசானவர்களுக்கு ராத்திரி வருகிற குரக்களியில் இது பெரிதாக உதவுவதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். வாழைப்பழம்? "சாப்பிடுங்க, பழம் நல்லதுதானே" என்று சிரித்தார். முன்பெல்லாம் குயினின் கொடுப்பார்களாம். அது இதயத் துடிப்பையும் ரத்தத்தையும் கெடுக்கிறது என்று இப்போது இதற்குக் கொடுப்பதில்லையாம். யாராவது அதை வாங்கிக் கொடுத்தால் போட்டுக்கொள்ளாதே.

அவர் சொல்லிக் கொடுத்ததில் எனக்குப் பலித்தது ஒன்றே ஒன்று. படுக்கப் போகுமுன் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றிக்கொள். ஒரு காலைப் பின்னால் வை. பின்னங்கால் குதி தரையை விட்டு எழும்பக் கூடாது, முழங்கால் மடங்கக் கூடாது. அப்படியே முன்னால் சாய்ந்தால் கெண்டை இழுபடும். முப்பது எண்ணு. காலை மாற்று. மூன்று தடவை. தினமும் செய்கிறேன். எதிர்வீட்டுப் பொடியன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு "தாத்தா செவத்த தள்ளுறாரு" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டான். சொல்லட்டும். வாரம் மூன்று தடவை வந்தது இப்போது மாதம் ஒன்றோ இரண்டோதான். நீயும் செய். போர்வையைக் கால்மாட்டில் இறுக்கிச் செருகிக்கொண்டு படுக்காதே, அது பாதத்தைக் கீழே அழுத்தும்.

இன்னொன்று, இதை மறக்காதே. ஒரு கெண்டை மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்தால் அது குரக்களி இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. நடந்தால் வலித்து நின்றால் விடுகிற வலியும் வேறு, அது ரத்தக்குழாய் சமாசாரம்.

இங்கே சேதி ஒன்றும் பெரிதாக இல்லை. வடலூர் அத்தை வந்து நாலு நாள் இருந்துவிட்டு, வழக்கம்போல் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். நீ வாங்கி அனுப்பிய பிரஷர் மெஷினை இந்தத் தெருவே உபயோகிக்கிறது. "பையன் அனுப்பினானா?" என்று கேட்காத ஆளில்லை. ஆமாம் என்பேன். பையன் எப்போது வருகிறான் என்று கேட்டால்தான் பேச்சை மாற்ற வேண்டியிருக்கிறது. பொங்கலுக்கும் வரவில்லை நீ.

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் நின்றவன் நான். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது, ஆலப்பாக்கம் தாண்டி கும்மிருட்டாக இருக்கும், ஆனாலும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வருவான். நீ அன்றைக்குக் கிரிக்கெட் பேசியது எனக்கு அந்த மாதிரிதான் இருந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் நான் சொல்லவில்லை. அப்படிப்பட்டவனிடம் போய்ச் சத்தம் போடுகிற கண்டக்டராக நான் இருந்ததில்லை. பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பேன். அவனாக எடுப்பான்.

தண்ணீர் குடி. ஷிஃப்டுக்கு நடுவில் ஐந்து நிமிஷம் உட்கார்.

எழுதலாமா வேண்டாமா என்று இதுவரை இரண்டு தடவை பேனாவை மூடி வைத்துவிட்டேன். உன் அம்மாவுக்கும் இதே குரக்களிதான். உனக்குத் தெரியாததா? தீபாவளி வந்தால் ராத்திரி பதினொன்று வரை அந்தத் தையல் மெஷினை மிதிப்பாள். கொல்லைக்குப் போகப் பயந்துகொண்டு சாயந்திரத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டாள். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு "ஐயோ கால், கால்" என்று எழுந்து உட்காருவாள். "சும்மா படு, நாலு பத்துக்கு வண்டி எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஜன்னலோரம் படுத்திருப்பவன் நீதான் பாதித் தூக்கத்தில் எழுந்துபோய் அவள் பாதத்தைப் பிடிப்பாய். அப்போது உனக்குப் பத்து வயசு இருக்கும். ஒரு தடவை பிடித்தபடியே அவள் கால் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாய். விடியற்காலை டார்ச் அடித்து உங்கள் இரண்டு பேரையும் தாண்டித்தான் டூட்டிக்குப் போனேன்.

நான் தூங்கிவிட்டேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். தூங்கவில்லை, தம்பி. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். டூட்டி, டூட்டி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். டூட்டி இல்லாத நாளிலும் அப்படியேதான் கிடந்தேன். எழுந்தால் தினமும் எழ வேண்டிவரும் என்று நினைத்தேனோ என்னவோ, இன்றைக்கு யோசித்தாலும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஒரே ஒரு நாள் இழுத்துவிட்டேன். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த ராத்திரி. நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். கரண்ட் இல்லை, தகரம் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போகிறது, நானும் அவளும் பெஞ்சு மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் பார்த்து அவளுக்குக் குரக்களி. இரண்டு பேருமே விழித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்புவது? பாதத்தைப் பிடித்துத் தள்ளினேன். விட்டுவிட்டது. அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "உங்களுக்கு இழுக்கத் தெரியுதே" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. விடிந்து வெளியே வந்தால் தெருவில் ஒரு மரம் நிற்கவில்லை, எல்லாரும் அதைத்தான் பேசினார்கள்.

அவள் போனபிறகு மெத்தைக்கு அடியில் ஒரு நாடா கிடைத்தது. அந்த ஊதா ரவிக்கைத் துணியில் இரட்டையாக மடித்துத் தைத்தது, நாலு விரல் அகலம். ஒரு முனையில் வளையம், மறு முனையில் இரண்டு முடிச்சு. பை தைக்க ஆரம்பித்து விட்டுவிட்டாள் போல என்று நினைத்துப் பழைய பேப்பர் கட்டுவதற்கு எடுத்துக்கொண்டேன். நாலு வருஷமாகப் பேப்பரைத்தான் கட்டியிருந்தேன். தை மாதம் எனக்கு முதல் தடவை பிடித்து, கை எட்டாமல் கட்டிலில் கிடந்து அல்லாடிய மறுநாள் காலையில், மூலையில் இருந்த அந்தப் பேப்பர் கட்டைப் பார்த்தேன். வளையம் அவள் பாதம் நுழைகிற அளவு. முடிச்சு, இழுக்கும்போது பிடி வழுக்காமல் இருக்க. யாரையும் எழுப்ப வேண்டாம் என்று தனக்குத் தானே தைத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை வருஷமாகவோ. பக்கத்தில்தான் படுத்திருந்தேன், எனக்குத் தெரியாது.

என் பாதமும் அதில் நுழைகிறது, கொஞ்சம் இறுக்கமாக.

சரி. பார்சலில் முந்திரி இரண்டு கிலோ இருக்கிறது. முழுப் பருப்பு தனிப் பையில், அது மருமகளுக்கு, அவள் கையில் கொடு. உடைந்தது உனக்கு. ராத்திரி கால் இழுத்தால் ஒரு துண்டை நீளமாக மடித்துப் பாதத்தில் மாட்டி இழுத்துக்கொள். அந்த நாடாவைக் கேட்காதே, எனக்கு வேண்டும்.

அடுத்த மாதம் பென்ஷன் வந்ததும் ஒரு வாரம் அங்கே வரலாம் என்று பார்க்கிறேன். டிக்கெட் நானே எடுத்துக்கொள்கிறேன். வந்தால் உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன். சும்மா இருப்பேன்.

அப்பா