சம்பளத்தைச் சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள்

தனியார் பொறியியல் கல்லூரி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் செயலர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

கோடை தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் உங்கள் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். மேலே வளாகத்தின் வண்ணப்படம். அதற்குக் கீழே நாக் கிரேடு, என்பிஏ, தன்னாட்சி என்று வரிசையாகத் தரச் சான்று முத்திரைகள். அப்புறம் துறைவாரியாக அசிஸ்டென்ட் புரொஃபசர் தேவை, அசல் சான்றிதழ்களுடன் காலை ஒன்பது மணிக்கு நேரில் வரவும் என்ற அழைப்பு. சம்பளம் என்ற இடத்தில் மட்டும் தொகை இருக்காது. 'ஏஐசிடிஇ விதிகளின்படி' என்றிருக்கும், அதாவது தொழில்நுட்பக் கல்விக்கு விதி வகுக்கும் மத்திய அமைப்பின் கணக்குப்படி. இல்லாவிட்டால் 'தகுதியானவர்களுக்குச் சம்பளம் ஒரு தடையல்ல' என்றிருக்கும். அந்த வரியை நம்பிப் பஸ் ஏறுகிறவர்களில் ஒருத்தி நான். எம்.இ. கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ் முடித்து, சில வருஷம் பாடம் எடுத்து, பிரசவத்துக்காக வேலையை விட்டுவிட்டு, இப்போது மறுபடி வேலை தேடுகிறேன். ஊர் அருப்புக்கோட்டை.

நாங்கள் ஏன் இவ்வளவு மலிவாகிப் போனோம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்ததை 2018-ல் இருபது மாணவருக்கு ஒருவர் என்று ஏஐசிடிஇ தளர்த்தியது. மெக்கானிக்கல், சிவில் வகுப்புகள் காலியாகின. பத்து இடத்துக்கு நூறு பேர் வரிசையில் நிற்கிறோம். நிற்கிறோம் என்பதற்காக எத்தனை மணி நேரமும் நிற்க வைக்கலாமா என்பதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன மே மாதம் கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போனேன். பெயர் வேண்டாம். படிக்கிற பலரும் 'இது நம்ம கல்லூரியோ' என்று நினைக்க வாய்ப்பிருக்கிறது, நினைக்கட்டும். கைக்குழந்தை இன்னும் பால் குடிக்கிறது என்பதால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ராத்திரி கிளம்பி, மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆரப்பாளையம் போய், அங்கிருந்து கோவை பஸ் பிடித்து, விடிகிற நேரத்துக்குச் சிங்காநல்லூர் சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறையில்தான் முகம் கழுவிச் சேலை மாற்றினேன். ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சான்றிதழ் ஃபைல் ஈரத்தில் விழாமல் பார்த்துக்கொண்டேன். அங்கிருந்து ஏறிய அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த நாள் முழுக்க எங்களிடம் காசு கேட்காத வண்டி அது ஒன்றுதான். டவுன் பஸ் நிற்கிற இடத்திலிருந்து உங்கள் வளாகம் எப்போதுமே சில கிலோமீட்டர் உள்ளே தள்ளித்தான் இருக்கும். ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை.

வாசலில் செக்யூரிட்டி தடுத்தார். "கேண்டிடேட் மட்டும்தானுங்க உள்ள போகணும். அம்மாவும் பாப்பாவும் இங்கயே இருக்கட்டுங்க." அவரைக் குறை சொல்ல மாட்டேன். தன் நாற்காலியை எடுத்து வேப்பமர நிழலில் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னவர் அவர்தான். உங்கள் வளாகத்தில் அன்றைக்கு எங்களை மனிதராக நடத்தியவர் என்று யோசித்தால் அவர் முகம் மட்டுமே நினைவுக்கு வருகிறது.

உள்ளே ஒரு கருத்தரங்கக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு நீளமான படிவம். அப்பா பெயர், கணவர் பெயர், கணவர் சம்பளம், குழந்தைகள் எத்தனை, அடுத்த குழந்தைக்குத் திட்டம் உண்டா (ஆமாம், இதுவும் அச்சடித்த கேள்விதான்). ஆதார், பான், எல்லாச் சான்றிதழ்களுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ், நான்கு போட்டோ. துறைத் தலைவர் பதினோரு மணிக்கு வருவார் என்றார்கள், பன்னிரண்டுக்கு வந்தார். குழந்தைக்குப் பால் கொடுக்க நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். அதற்கென்று ஓர் அறை கேட்டதற்கு, அலுவலகத்துப் பெண் தர்மசங்கடமாகச் சிரித்து, "சார்கிட்ட கேக்கணும் மேடம்" என்றார். சார் மீட்டிங்கில் இருந்தார். செக்யூரிட்டி அறைக்குப் பின்னால், அம்மா துண்டை விரித்து மறைத்துப் பிடிக்க, சுவரைப் பார்த்து உட்கார்ந்து கொடுத்தேன். திரும்பி வந்தால், "எங்க போனீங்க? உங்க பேரைக் கூப்பிட்டாச்சு" என்று வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார்கள்.

டெமோ வகுப்பு மூன்று மணிக்கு. மாணவர்கள் யாரும் இல்லை. என்னோடு வந்த மற்ற மூன்று விண்ணப்பதாரர்களையே பெஞ்சில் உட்கார வைத்து, அவர்களுக்கு ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் பாடம் எடுக்கச் சொன்னார்கள். அதில் ஒருவர் பிஎச்.டி. முடித்தவர். நான் பாடம் நடத்த, தேர்வுக்குழுவில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளாளர் வந்தபோது மணி ஐந்தாகிவிட்டது. என் பாடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. "உங்க ஊர்ப் பக்கம் எத்தனை அட்மிஷன் கொண்டு வருவீங்க?" என்றார். எதிர்பார்க்கும் சம்பளம் கேட்டார். விளம்பரத்தில் நீங்களே போட்டதைத்தான் சொன்னேன், ஏஐசிடிஇ ஸ்கேல் என்று. ஏழாவது ஊதியக்குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். மேஜைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். "அதெல்லாம் பேப்பர்லங்க மேடம். பதினெட்டாயிரம். ஜாயின் பண்ணும்போது ஒரிஜினலை ஆபீஸ்ல கொடுத்துடணும்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அந்த எண்ணைச் சொல்வதற்கு. அதை முந்தின வாரம் போனில் சொல்லியிருந்தால் நான் அருப்புக்கோட்டையை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன். இரண்டு பேர் போய் வந்த பஸ் காசு, ஆட்டோ, சாப்பாடு, ஜெராக்ஸ், போட்டோ எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிட்டது. வேலை இல்லாதவளுக்கு அது யார் காசு என்று தாளாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கேட்கிறேன். மாதச் சம்பளம் எவ்வளவு என்பதை விளம்பரத்திலேயே ரூபாயில் போடுங்கள். போட மனமில்லையென்றால், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. மத்திய அரசுப் பணி நேர்காணலுக்கு அழைக்கப்படும் எஸ்.சி., எஸ்.டி. விண்ணப்பதாரர்களுக்குப் பயணக் கட்டணம் கொடுக்கிற வழக்கம் உண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் வெளியூர்க்காரர்களிடம் டிக்கெட்டையும் வங்கிக் கணக்கு எண்ணையும் வாங்கிக்கொண்டு பணத்தை அனுப்பிவிடுகின்றன. அவர்களிடம் இருப்பது அரசுப் பணம் என்பீர்கள். சரி. பிளஸ் டூ பிள்ளைகளைப் பள்ளி வாசலிலிருந்து உங்கள் பஸ்ஸில் ஏற்றி வந்து, வளாகத்தைச் சுற்றிக் காட்டி, மதியம் பிரியாணி போட்டு, கையில் ஒரு பையும் கொடுத்து, வீட்டில் கொண்டு விடுகிறீர்களே, அது எந்தப் பணம்? சேரப் போகிற பையனுக்குப் பிரியாணி. அவனுக்குப் பாடம் நடத்தப் போகிறவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் இல்லை. அன்றைக்கு உங்கள் கல்லூரிப் பஸ்கள் காலியாக வரிசையில் நின்றதை நான் பார்த்தேன். அதில் ஒன்றைச் சிங்காநல்லூருக்கு அனுப்பியிருந்தால் டீசல் எவ்வளவு ஆகியிருக்கும்?

இன்னொன்றும் உறுத்துகிறது. நாங்கள் விட்டுவிட்டு வருகிற அந்த ஜெராக்ஸ் கட்டுகள் என்ன ஆகின்றன? அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 கல்லூரிகளில், 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்கில் இருக்கிறார்கள் என்று 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டது. பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. அதற்குப் பிறகு ஆதார் நகலில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் எனக்குக் கை தயங்குகிறது. ஆசிரியர் எண்ணிக்கையைச் சரிபார்க்க ஆய்வுக்கு ஆள் வரும் பருவத்தில்தான் விளம்பரங்களும் குவிகின்றன. வேலைக்கு ஆள் தேடுகிறீர்களா, ஃபைலுக்குப் பேர் தேடுகிறீர்களா என்று எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். எல்லாக் கல்லூரியும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக நடத்துகிற நிர்வாகங்கள் உண்டு. அங்கே வேலை பார்த்தும் இருக்கிறேன். ஆனால் வாசலில் நிற்கிறவர்களுக்கு எது எந்த வகை என்று எப்படித் தெரியும்?

அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. கூடாது என்று ஏஐசிடிஇ சொல்லியிருப்பது உங்களுக்கும் தெரியும். பதினெட்டாயிரம் சம்பளத்துக்கு ஈடாக ஒருத்தியின் பத்தாம் வகுப்பு முதல் எம்.இ. வரை அடகு கேட்கிற துணிச்சல் அடகுக் கடைக்காரருக்குக்கூட வராது. அவர் ரசீதாவது கொடுப்பார்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன். மரியாதைக் குறைவாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது பெரிய விஷயம் இல்லை. விண்ணப்பத்தை மின்னஞ்சலில் வாங்குங்கள். முதல் பேச்சைப் போனிலோ வீடியோவிலோ முடித்து, உண்மையிலேயே எடுக்க நினைப்பவர்களை மட்டும் நேரம் குறித்து வரச் சொல்லுங்கள். எடுக்கவில்லையென்றால் ஒரு வரி பதில் போடுங்கள், நகல்களைக் கிழித்துவிடுங்கள். இதில் ஒன்றும் செய்ய முடியாது என்றாலும், சம்பளத்தையாவது முன்னாலேயே சொல்லுங்கள். பதினெட்டாயிரம்தான் என்றால் பதினெட்டாயிரம் என்றே போடுங்கள். அதற்கும் வர ஆள் இருக்கிறார்கள், அவர்கள் தெரிந்தே வருவார்கள். மறைத்து வைத்து வரவழைக்கிறவர்கள் பஸ் காசைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த சேர்க்கைப் பருவத்துக்கான விளம்பரம் இப்போதே உங்கள் மேஜையில் தயாராகிக்கொண்டிருக்கும். அதில் ஒரே ஒரு வரி சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: உதவிப் பேராசிரியர், மாதம் இத்தனை ரூபாய். இடம் போதவில்லையென்றால் வளாகத்தின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் விளம்பரங்களைத் தவறாமல் படிக்கும் ஓர் எம்.இ. பட்டதாரி,
அருப்புக்கோட்டை.