அடக்கமான பிள்ளை

அன்பு மகளே,

கல்லூரியில் விண்ணப்பம் படிக்கும் வேலையில் சேர்ந்துவிட்டேன், மார்க்கோடு குணத்துக்கும் எண் போட வேண்டும் என்று நேற்று போனில் சொன்னாய். "சரிம்மா, பார்த்துப் போடு" என்று சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் சேர்க்கையில் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளிடம் பாகுபாடு காட்டியது என்று தொடர்ந்த வழக்கை நான் விடாமல் படித்தவள். அவர்கள் குணத்துக்குப் போட்ட எண், 'பர்சனல் ரேட்டிங்', 2018 விசாரணையில் அலசப்பட்டது. 1 என்றால் மிகச் சிறப்பு. எண் கூடக் கூட மதிப்பு இறங்கும். ஆசிய வம்சாவளிப் பிள்ளைகள் படிப்பில் முன்னால் நின்றார்கள், இதில் மட்டும் சறுக்கினார்கள். இத்தனைக்கும் நேரில் உட்கார்ந்து பேசிய பழைய மாணவர்கள் அவர்களுக்கு அவ்வளவு குறைத்துப் போடவில்லை. குறைத்தது, பெரும்பாலும் முகமே பார்க்காமல் கோப்பைப் படித்த அலுவலகம்.

இந்தத் தராசு பழையது. 1922ல் அங்கே யூத மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் லோவல் யூதர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கப் பார்த்தார், எதிர்ப்பு கிளம்பியது. 1926ல் குணநலனுக்கு எடை கூட்டினார்கள், புகைப்படமும் கேட்டார்கள். யூதர் எண்ணிக்கை இறங்கியது. வரம்பு என்ற சொல்லே தேவைப்படவில்லை, பார்.

குணமே பார்க்காதே என்று சொல்ல வரவில்லை. வீட்டுப் பாரத்தைச் சுமந்துகொண்டே படித்த பிள்ளையை மார்க் மட்டும் காட்டிவிடாது.

என்னைத் தூங்கவிடாதது வேறு. 2019ல் முதல்நிலை நீதிமன்றம், வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக நிரூபணமாகவில்லை என்றது. எண் குறைந்ததற்கு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றது. 2023ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டி, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறைக்கே முற்றுப்புள்ளி வைத்தது. ஆனால் அந்தக் கடித விஷயம் என்னை விடவில்லை.

நானும் எழுதியவள்தானே! "அமைதியானவள். அடக்கமானவள். கடின உழைப்பாளி." அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு மாணவி, ஆய்வகத்தில் பழுதாகிக் கிடந்த தராசை யாரும் சொல்லாமலே பிரித்துச் சரி செய்தாள். பின்தங்கிய மூன்று பேருக்கு மதிய இடைவேளையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டையும் நான் எழுதவில்லை. அடக்கமானவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. காரணம் அதுதானா, தெரியாது.

உன் மேசைக்கும் அப்படி ஒரு கடிதம் வரும். எண் போடுமுன், விதி இடம் கொடுத்தால், அந்தப் பள்ளிக்கு ஒரு போன் போடு. எப்படிப்பட்ட பிள்ளை என்று கேட்காதே, மறுபடியும் அடக்கம் என்றுதான் சொல்வார்கள். என்ன செய்தாள் என்று கேள்.

அம்மா