லைனைக் கலைக்காதீர்கள்: கல்லூரிக் கால்பந்து நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்) அணிகளின் விளையாட்டு இயக்குநர்களுக்கும் தலைமைப் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம்.

பருவம் முடிந்து வீரர்கள் கல்லூரி மாறப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்துவிட்டால் போதும், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளில் யார் எங்கே போகிறார், எவ்வளவு டாலர் என்பதுதான் ஊரெங்கும் பேச்சு. 2025 ஜூனில் கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதன்படி முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாக 2.05 கோடி டாலர் வரை பங்கிட்டுத் தரலாம். அதில் கால்பந்துக்கு நீங்கள் ஒதுக்கும் தொகையிலிருந்து முதல் பங்கை, உங்களிடமே மூன்று நான்கு வருடம் இருந்து தேறிய, குவார்ட்டர்பேக்கைக் காத்து ஓடுபவருக்கு வழி திறக்கும் ஆஃபென்சிவ் லைன் வீரர்களைத் தக்கவைக்க எடுத்து வையுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள்: லைனில் நிற்கும் அந்த ஐந்து பேர் செய்யும் வேலை பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. கண் பந்தோடு போய்விடுகிறது. பந்து கிளம்பும் முன்பே சென்டர் எதிரணியின் நிற்பைப் பார்த்து, முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் எந்த லைன்பேக்கரை வைத்துக் கணக்குப் போடுவது என்று சொல்லிவிட வேண்டும். சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் ஸ்னாப் ஆனதும் எதிரணியின் இருவர் குறுக்கும் மறுக்குமாகப் பாய்ந்து இடம் மாறுவார்கள். கார்டு தன் ஆளைப் பக்கத்து டேக்கிளிடம் விட்டுவிட்டு வருகிறவனைப் பிடிக்க வேண்டும். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார். ஓட்டத்திலும் இதே கதைதான். இருவர் சேர்ந்து ஒருவனை மோதித் தள்ளிக்கொண்டே போய், அவர்களில் ஒருவர் கழன்று பின்னால் நிற்கும் லைன்பேக்கரைப் பிடிக்க வேண்டும். யார் கழல்வது, எப்போது கழல்வது என்று அங்கே நின்று பேச நேரமில்லை. வெளியூர் மைதானத்தில் லட்சம் பேர் கத்தும்போது பேசினாலும் கேட்காது. கபடியில் கைகோத்து நிற்கிறவர்களைப் போல, ஒருவர் பிடி தளர்ந்தால் மற்ற நால்வரின் பலமும் வீண்.

இதை மூன்று வாரப் பயிற்சி முகாமில் கற்றுக்கொடுத்துவிட முடியாது. பள்ளியிலிருந்து வரும் 18 வயதுப் பையன் 135 கிலோ இருக்கலாம். ஆனால் எதிரே நிற்பவனுக்கு 22 வயது. நாலு வருடம் எடை தூக்கி இறுகிய உடம்பு அவனுடையது.

2023 மிச்சிகன் அணியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சிறந்த லைனுக்கான ஜோ மூர் விருதை 2021லும் 2022லும் வாங்கிய அணி அது. கார்டுகள் ட்ரெவர் கீகனும் ஸாக் ஸின்டரும் 2023 தொடக்கத்திலேயே தொழில்முறை லீகான என்எஃப்எல் போயிருக்கலாம். இன்னொரு வருடம் இருக்கிறோம் என்று நின்றார்கள். அந்த நவம்பர் 11 அன்று, ஓட்டத்தைத் தடுப்பதில் பெயர்பெற்ற பென் ஸ்டேட்டை அதன் சொந்த மைதானத்தில் சந்தித்தார்கள். ஒவ்வொரு முறை பந்து கிளம்புவதும் ஒரு பிளே. கடைசி 32 பிளேக்களும் தொடர்ந்து ஓட்டம்தான். இரண்டாம் பாதியில் ஒரு பாஸ்கூடக் கணக்கில் இல்லை. ஓடத்தான் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தும் தடுக்க முடியவில்லை. 24-15.

இரண்டு வாரம் கழித்து ஒஹாயோ ஸ்டேட்டுடன் ஆடும்போது ஸ்கோர் 17-17. ஸின்டரின் கால் முறிந்தது. வலது டேக்கிள் கார்சன் பார்ன்ஹார்ட் கார்டுக்கு நகர்ந்தார், அவர் இடத்துக்கு ட்ரென்டே ஜோன்ஸ் வந்தார். இருவருமே ஐந்தாம் ஆண்டுக்காரர்கள். அடுத்த பிளேயிலேயே பந்தோடு ஓடும் பிளேக் கோரம் 22 யார்டு ஓடி எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டார். அன்று 30-24 என்று வென்ற மிச்சிகன், அதே மாற்று வரிசையோடு ஜனவரி 8 இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனுக்கு எதிராக 303 யார்டு ஓடி 34-13 என்று கோப்பையை வாங்கியது. சென்டரும் இடது டேக்கிளும் போர்ட்டலில் வந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களும் வேறு கல்லூரிகளில் பல வருடம் ஆடித் தேறிய பிறகு வந்தவர்கள்.

அந்த இறுதி ஆட்டத்துக்கு முந்தைய அரையிறுதியான ரோஸ் பௌலில் அதே மிச்சிகனைச் சந்தித்த அலபாமாவின் இடது டேக்கிள் முதலாண்டு மாணவர். திறமைசாலி, பின்னால் நன்றாகவே வளர்ந்தார். ஆனால் அன்று அந்த வரிசை ஆறு சாக் கொடுத்தது, அதாவது ஆறு முறை குவார்ட்டர்பேக் பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். ஸ்னாப்கள் தாறுமாறாகப் போனதற்காக சென்டர் சேத் மெக்லாக்லினை ரசிகர்கள் விட்டுவைக்கவில்லை. அவர் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மாறி, அடுத்த வருடமே நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருதை வாங்கினார். லைன் வீரர்கள் தாமதமாகத்தான் பழுக்கிறார்கள். அதுவரை காத்திருக்கும் பொறுமை உங்களுக்கு வேண்டும்.

2024ல் ஒஹாயோ ஸ்டேட் காயமடைந்த லைனை வைத்துக்கொண்டே கோப்பை வென்றதே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. இடது டேக்கிளும் சென்டரும் பருவத்தின் நடுவே விழுந்தார்கள். நவம்பர் 30 அன்று சொந்த மைதானத்திலேயே மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றார்கள். அப்புறம் எப்படி எழுந்தார்கள்? என்எஃப்எல் போகாமல் திரும்பி வந்திருந்த மூத்த கார்டு டோனவன் ஜாக்சன், இடது டேக்கிள் விழுந்த பிறகு அந்த இடத்துக்கு நகர்ந்து கடைசிவரை அதைக் கட்டிக்காத்தார். அந்த இடமாற்றத்தை ஒரு புதுப் பையனிடம் கேட்டிருக்க முடியுமா?

போர்ட்டலில் ஆள் பிடிக்கும் பழக்கமே இல்லாத ஆர்மி, அதே 2024ல் ஜோ மூர் விருதை வாங்கியது. ராணுவக் கல்லூரியில் சேர்ந்து, இருந்து, முதிர்ந்த பையன்கள் அவர்கள். 12 வெற்றி, 2 தோல்வி.

சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை 1935 முதல் இருக்கிறது. ஒரு டேக்கிளோ கார்டோ சென்டரோ இதுவரை அதை வாங்கியதில்லை. இரண்டாம் இடம்தான் உச்சம்; 1973ல் டேக்கிள் ஜான் ஹிக்ஸ் அதைத் தொட்டார். புகழ் அவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. சம்பளமாவது சேரட்டும்.

ஆகவே போர்ட்டல் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். பருவத்தின் கடைசி மாதத்திலேயே உங்கள் லைன் வீரர்களையும் பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேரம் பேசாமல், ஐவரும் திரும்பி வந்தால் ஐவருக்கும் கூடுதல் தொகை என்று சேர்த்தே சொல்லிப் பாருங்கள். ஆறாவதாக, ஏழாவதாக நிற்கும் நாலாம் ஆண்டுக்காரரையும் அந்தக் கணக்கில் சேருங்கள். குவார்ட்டர்பேக்கை அதற்குப் பிறகு தேடலாம்.

அன்புடன்,
சனிக்கிழமைகளில் லைனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ரசிகன்