புனலூர் நண்பனுக்கு, டிவிடி டிரைவ் பற்றி

செங்கோட்டை
ஆனி மாதம்

அன்பு நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு மதினியும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். உன் மகன் வாங்கித் தந்த புதிய மடிக்கணினியில் சிடி போட இடமே இல்லை என்றும், பீரோவின் அடித்தட்டு நிறையக் கிடக்கும் டிவிடிகளை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும், யூஎஸ்பியில் மாட்டும் டிரைவ் ஒன்று வாங்கினால் அது வீண் செலவாகிவிடுமோ என்றும் எழுதியிருந்தாய். வீண் செலவு ஆகாது, உடனே வாங்கு என்பதே என் பதில். ஆனால் அடிக்கடி டிவிடி போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் வாங்காதே. வட்டுகளில் இருப்பதையெல்லாம் ஒரு தடவை ஹார்டு டிஸ்குக்கு மாற்றிவிட்டு, அதன்பிறகு டிரைவை எடுத்து வைத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில் வாங்கு.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்றில் எங்கள் வீட்டுச் செருப்பும் பெல்ட்டும் புத்தக அட்டையும் பூஞ்சை பிடிக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் நேரடியாக மழை வாங்கும் உனக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கடையில் விற்ற திரைப்பட டிவிடிகள் அச்சில் அழுத்தி எடுக்கப்பட்டவை. அவற்றில் தகவல் பள்ளங்களாகப் பதிந்திருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நம் வீட்டுக் கல்யாண வீடியோவோ, கம்ப்யூட்டரில் எழுதி வைத்த புகைப்படங்களோ அப்படியல்ல. டிவிடி-ஆர் வகை வட்டில் ஒரு சாயப்படலம் இருக்கும். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் தகவலை எழுதும். வெயில், சூடு, ஈரம் மூன்றும் அந்தச் சாயத்துக்கு ஆகாதவை. ஆகவே திரும்ப விலைக்கு வாங்கக் கிடைக்காத எதுவோ, அதுதான் இருப்பதிலேயே பலவீனமான வட்டில் கிடக்கிறது. சிடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிவிடியில் தகவல் படலம் 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது. சிடியிலோ பெயர் எழுதும் பக்கத்தின் மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதிய சிடிகள் கெட்டுப்போவதற்குக் காரணம் இதுதான்.

இனி டிரைவுக்கு வருகிறேன். எந்தக் கம்பெனி என்று நீ அதிகம் அலைய வேண்டாம். மெல்லிய வகை டிரைவுகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே வேகத்தில், அதாவது டிவிடியை 8எக்ஸ், சிடியை 24எக்ஸ் (எக்ஸ் என்றால் அடிப்படை வேகத்தின் மடங்கு) என்ற அளவில் படிப்பவை. பார்க்க வேண்டியது கேபிளைத்தான். இந்த டிரைவுக்குத் தனியாக மின்சார அடாப்டர் கிடையாது. மோட்டார், லேசர் எல்லாவற்றுக்கும் மடிக்கணினியின் யூஎஸ்பி துளையிலிருந்துதான் மின்சாரம் வரவேண்டும். பழைய யூஎஸ்பி 2.0 துளை தருவதாக விதிக்கப்பட்டிருப்பது 500 மில்லிஆம்பியர், நீலநிற நாக்கு வைத்த 3.0 துளை 900 மில்லிஆம்பியர். வட்டு நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் மோட்டார் கேட்பது அதற்கும் மேலே போகலாம். அப்போது என்ன நடக்கும் என்றால், விளக்கு சிமிட்டும், உள்ளே டக் டக் என்று சத்தம் கேட்கும், திரையில் டிரைவின் பெயர் தோன்றி மறையும். பலர் இதைப் பார்த்து டிரைவ் பழுது என்று முடிவு கட்டிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். உண்மையில் பசிதான் காரணம். கணினிப் பக்கம் இரண்டு தலை வைத்த கேபிள் ஒன்று உண்டு. இரண்டையும் இரண்டு துளைகளில் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு துளையைப் பல துளைகளாக்கும் யூஎஸ்பி ஹப்பில், அதற்குத் தனி மின் இணைப்பு இல்லையென்றால், மாட்டாதே. கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. உன் மடிக்கணினியில் டைப்-சி துளை மட்டும்தான் இருக்கிறது என்றால் டைப்-சி கேபிளோடு வரும் டிரைவாகக் கேட்டு வாங்கு.

வட்டைப் பொருத்துவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பழைய மேசைக் கணினியில் தட்டை வெளியே இழுத்து, வட்டை அதன்மேல் கிடத்தி, பட்டனை அழுத்தினால் போதும். உள்ளே ஒரு பிடிப்பான் வந்து மேலிருந்து கவ்விக்கொள்ளும். மெல்லிய டிரைவில் அதற்கு இடமில்லை. தட்டின் நடுவே ஒரு சிறு குமிழ் இருக்கும். அதைச் சுற்றி மூன்று சின்னக் கவ்விகள் லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும். வட்டின் துளையைக் குமிழில் பொருத்தி, இடது கையால் தட்டுக்கு அடியில் தாங்கல் கொடுத்து, வலது கையின் இரண்டு விரல்களால் துளையின் இரு பக்கமும் அழுத்த வேண்டும். ‘டிக்’ என்று மாட்டிக்கொண்ட பிறகு விரலால் மெல்லச் சுழற்றிப் பார். சாய்வில்லாமல் சுற்றினால்தான் தட்டை உள்ளே தள்ளலாம். சரியாக உட்காராத வட்டு நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் சுழலும்போது உராய்ந்து வளையம் வளையமாகக் கீறல் விழும். பிறகு அது எதற்கும் உதவாது. எடுக்கும்போது நடுக்குமிழைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஓரத்தைத் தூக்கு. தட்டிலேயே லேசரின் வில்லையும் தெரியும். தூசு படிந்திருக்கிறதே என்று வேட்டி நுனியால் துடைத்துவிடாதே. மின்சாரம் இல்லாமல் தட்டு திறக்காது. அப்படி மாட்டிக்கொண்டால், முன்பக்கம் இருக்கும் ஊசித்துளைக்குள் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை நேராகச் செலுத்தினால் விட்டுக்கொடுக்கும்.

டிரைவை மாட்டியதும் மென்பொருள் எதுவும் நிறுவ வேண்டியதில்லை, விண்டோஸ் தானாகவே கண்டுகொள்ளும். ஆனால் டிவிடி வீடியோவைத் திறக்கப் போனால் கைவிரித்துவிடும். 2012-இல் வந்த விண்டோஸ் 8-லிருந்தே டிவிடி ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் இயல்பாகச் சேர்ப்பதில்லை. இதற்கென்று காசு கொடுத்து எதையும் வாங்காதே. விஎல்சி பிளேயர் இலவசம். அதன் மீடியா மெனுவில் ‘ஓபன் டிஸ்க்’ என்பதை அழுத்தினால் போதும். டிரைவைத் தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையில் மாட்டலாமா, செல்போனில் மாட்டலாமா என்று அடுத்துக் கேட்பாய். பெரும்பாலானவற்றில் வேலை செய்யாது, முயல வேண்டாம்.

மாற்றும் வேலை நீ பயப்படும் அளவுக்குக் கடினமானதல்ல. கல்யாண டிவிடியைத் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டர் தெரியும். உள்ளே ‘விஓபி’ என்று முடியும் கோப்புகள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஏறக்குறைய ஒரு ஜிபி அளவில் துண்டு துண்டாக இருக்கும். படமும் ஒலியும் அவற்றில்தான். அந்த ஃபோல்டரை அப்படியே ஹார்டு டிஸ்குக்கு இழுத்துப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. 4.7 ஜிபி நிறைந்த வட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். 8எக்ஸ் என்றால் நொடிக்குச் சுமார் 11 மெகாபைட், அதுவும் வெளி ஓரத்தை எட்டும்போது மட்டுமே. உள்வட்டத்தில் தொடங்கும்போது அந்த வேகம் வராது. இடையில் பிழை காட்டி நின்றால் முழு ஃபோல்டரோடு மல்லுக்கட்டாமல் கோப்பு கோப்பாக இழு. ஒரு துண்டு போனாலும் மற்றவை தப்பும். அதற்கும் முந்தைய காலத்து விசிடியாக இருந்தால் ‘எம்பெக் ஏவி’ என்ற ஃபோல்டரில் ‘டேட்’ என்று முடியும் கோப்பு இருக்கும். விஎல்சி அதையும் ஓட்டும். இவற்றை எம்பி4 ஆக்கிப் பிள்ளைகளுக்கு அனுப்ப ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் அதில் ‘டீஇன்டர்லேஸ்’ என்ற தெரிவை மறக்காமல் இயக்கிவிடு. நாடா கேமராவில் எடுத்து டிவிடிக்கு ஏற்றிய படங்களில் காட்சி ஒன்று விட்டு ஒன்றான வரிகளாகப் பதிந்திருக்கும். தாலி கட்டும் கை அசையும்போதெல்லாம் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிவது அதனால்தான். மாற்றி முடித்தாலும் மூல விஓபி கோப்புகளை அழிக்காதே. திரைப்பட டிவிடிகளை விட்டுவிடு. அவற்றுக்கு நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு உண்டு, நாம் வைத்துக் காக்க வேண்டியவையும் அல்ல. உன் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த படங்களைப் பார்க்கும்போது மட்டும் ஒன்று கவனி. திரைப்பட டிவிடிகளை விற்கும் நாடுகளின்படி மண்டலம் பிரித்திருக்கிறார்கள்; அவை மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5. மண்டலத்தை மாற்றவா என்று கணினி கேட்டால் யோசித்துச் சம்மதி. அப்படி மாற்ற டிரைவ் ஐந்து முறைதான் விடும், கடைசியாக வைத்த மண்டலத்திலேயே பிறகு பூட்டிக்கொள்ளும்.

உனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் வைத்திருக்கிறேன். 2010-இல் மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்துவதற்கு முன்பு நாம் குடும்பத்தோடு இங்கிருந்து உன் ஊருக்குப் போனபோது என் மைத்துனர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கேமராவில் படம் எடுத்துக்கொண்டே வந்தாரே, நினைவிருக்கிறதா? அது 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடியில் நேரடியாகப் பதியும் கேமரா; 1.4 ஜிபி, ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். அந்த வட்டு இத்தனை ஆண்டுகளாக எந்த பிளேயரிலும் ஓடவில்லை, காலி வட்டு என்றே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இப்போது அதை டிரைவில் போட்டபோது விண்டோஸும் இது காலி, எழுதுவதற்குத் தயார் செய்யட்டுமா என்றுதான் கேட்டது. அந்தக் கேள்விக்கு ஒருபோதும் சரி என்று சொல்லாதே. வட்டைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நடுத்துளையிலிருந்து முக்கால் தூரம் வரை சற்று இருண்ட நிறமாகவும், அதற்கு வெளியே தெளிவாகவும், இடையில் கோடு கிழித்தாற்போல ஒரு வளையமும் தெரிந்தது. எழுதிய பகுதி எப்போதும் இப்படி நிறம் மாறித் தெரியும். எனவே படம் உள்ளேதான் இருந்தது. பதிந்த பிறகு கேமராவில் ‘ஃபைனலைஸ்’ என்ற முடிவுச் செயலைச் செய்யாததால் மற்ற கருவிகளுக்கு அது புலப்படவில்லை. அந்தக் கேமரா கிடைத்தால் அதிலேயே முடித்துவிடலாம், அது எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் இத்தகைய வட்டையும் நேரடியாகப் படிக்கிறது. முழு வசதிக்கு உரிமம் வாங்க வேண்டியிருந்தாலும் கொடுத்த பணத்துக்குக் குறைவில்லை. பகவதிபுரம் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் திரை முழுக்க இருட்டு, பிள்ளைகள் கூவும் சத்தம் மட்டும். பிறகு பதின்மூன்று கண் பாலத்து வளைவில் முன்னால் போகும் டீசல் இன்ஜின் முழுதாகத் தெரிகிறது, நீ கதவோரம் நின்றுகொண்டு மதினியிடம் திட்டு வாங்குகிறாய். 2018-இல் அகலப்பாதையில் வண்டி விட்ட பிறகு இந்தப் பாதையில் எத்தனையோ தடவை போய் வந்துவிட்டோம். ஆனால் அந்தச் சிறிய பெட்டிகளும் மர இருக்கைகளும் இந்த வட்டில்தான் இருக்கின்றன.

படிக்க மறுக்கும் வட்டுகளைத் தூக்கி எறிய அவசரப்படாதே. பூஞ்சை படிந்திருந்தால் ஒரு சொட்டு மென்மையான சோப்புக் கலந்த தண்ணீரில் அலசி, நைந்த பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடை. வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தகவல் ஓடும் தடத்தின் போக்கிலேயே விழும், குறுக்குக் கீறலைவிட அது டிரைவைப் பெரிதும் திணறடிக்கும். காகித லேபிள் ஒட்டிய வட்டு சமநிலை தவறி அதிரும். என்றாலும் லேபிளை உரிக்காதே, குறிப்பாகச் சிடியில் பூச்சும் கூடவே வந்துவிடும். ஒரு டிரைவ் படிக்காததை வேறொரு டிரைவ் படித்துவிடுவதும் உண்டு என்பதால், உன்னுடையது கைவிட்ட வட்டுகளை என்னுடையதில் போட்டுப் பார்க்கலாம்.

மதினிக்குத் திருவனந்தபுரத்தில் எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேன் சிடியை எல்லாவற்றுக்கும் முன்னால் எடு. இப்போது மருத்துவர்களின் மேசையிலும் சிடி போட இடமில்லாத கணினிதான் பெரும்பாலும் இருக்கிறது. அந்தச் சிடியில் இருப்பவை டைகாம் என்ற முறையில் அமைந்த கோப்புகள். அவற்றோடு பார்ப்பதற்கான ஒரு சிறு மென்பொருளும் பட்டியல் கோப்பும் இருக்கும். படங்கள் மட்டும் போதுமென்று பொறுக்கி எடுக்காமல் சிடி முழுவதையும் ஒரே ஃபோல்டராகப் பென் டிரைவில் போட்டுக்கொள். யாராவது ஜேபெக் படமாக மாற்றி வாட்ஸப்பில் அனுப்பிவிடலாம் என்றால் கேட்காதே. மருத்துவர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, தண்டுவட எலும்புகளின் இடைவெளியை அளந்து பார்ப்பதெல்லாம் மூலக் கோப்பில்தான் முடியும்.

என்னிடம் இரட்டைத் தலை கேபிள் ஒன்று கூடுதலாக இருக்கிறது. ஆடி பிறந்ததும் ஒரு சனிக்கிழமை கொல்லம் வண்டியில் வரும்போது கொண்டுவருகிறேன், மீட்டர்கேஜ் படத்தையும் பென் டிரைவில் போட்டுத் தருகிறேன். நான் வருவதற்குள் நீ வீட்டில் எழுதிய வட்டுகளையும் கடையில் வாங்கிய வட்டுகளையும் தனித்தனியாகப் பிரித்து வை. மாற்றியதை இரண்டு இடத்தில் வைக்க வேண்டியிருக்கும் என்பதால், ஒரு டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கித் தரும்படி உன் மகனிடம் இப்போதே சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்