தோட்டத்துத் தாலாட்டும் ஆய்வுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழக ஆய்வு என்றால் செம்பனை (எண்ணெய்ப்பனை) நோயும் ரப்பர் விளைச்சலும்தான் என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள். சரி, அதுவும் வேண்டியதுதான். ஆனால் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-லேயே தொடங்கிவிட்டது. அங்கே பணியாற்றிய தமிழறிஞர் தனிநாயகம் அடிகளின் முயற்சியால்தான் 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. மருத்துவம், பொறியியலோடு தமிழும் ஒரே வளாகத்தில் ஆராயப்படுவது எவ்வளவு பெரிய விஷயம்!

என் பாட்டிக்கு வயது 84. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடியது, மங்கு (பால் வடியும் கிண்ணம்) துடைத்தது, ஒட்டுப்பால் (மரத்தின் வெட்டில் உறைந்த பால்) உருவியது எல்லாம் சொல்வார். போன வாரம் லயத்துத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) தாலாட்டு ஒன்றைப் பாடும்போது நடுவில் இரண்டு வரி மறந்துபோயிற்று. அப்புறம் அழுதுவிட்டார். ஆய்வு மாணவர்களே, ஒலிப்பதிவு செய்யச் சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட்