சேலத்தில் எத்தனை நிமிடம் நிற்பாய்?

கோயம்புத்தூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள கலை,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேத்தி பிறந்ததை நீ போனிலேயே சொல்லிவிட்டாய், ஆனாலும் உன் கையெழுத்தில் படித்தபோது மறுபடியும் கண் கலங்கியது. தலை நிறைய முடி என்று எழுதியிருந்தாய். அப்படியே அவள் அம்மா மாதிரி. வசம்பு வளையல் வாங்கி வைத்திருக்கிறேன், எப்படி உன்னிடம் சேர்ப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து 4 மாதம் ஆகிறது. இப்போது கம்பு இல்லாமலே தெருமுனை வரை போய் வருகிறார். காலை நீட்டி உட்கார இடம் வேண்டும் என்பதால் காரில் முன் சீட்டு அவருக்கே. ஓட்டுவது நான்தான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மாதம் ஒரு தடவையாவது தஞ்சாவூரிலிருந்து பெங்களூரு போய்ப் பேத்தியைப் பார்க்க வேண்டும், பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு எலெக்ட்ரிக் எடுக்கிறேன், ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்கா மஹிந்திரா பிஇ 6-ஆ என்று கேட்டிருக்கிறாய். ஒன்றில் விளம்பரத்தில் போட்ட ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், உனக்குப் போதும் என்று தோன்றுகிறது, இன்னொன்று 20 நிமிடத்தில் சார்ஜ் ஏறும் என்கிறார்கள், எதை நம்புவது என்று குழம்பிப் போயிருக்கிறாய். பாலிடெக்னிக்கில் 30 வருஷம் எலெக்ட்ரிகல் பாடம் எடுத்தவளிடம் கேட்டிருக்கிறாய். அதனால் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்.

முதலில் ரேஞ்ச். கிரெட்டா 2025 ஜனவரியில் வந்தபோது 51.4 யூனிட் பேட்டரிக்கு 473 கிலோமீட்டர் என்றார்கள். யூனிட் என்றால் நம் இபி பில்லில் வருகிற அதே யூனிட்தான். அந்த 473 சோதனைக்கூடத்தில் கிடைத்த எண். நம் நாட்டு சோதனை முறையில் நகரப் பகுதியில் வேகம் 50-ஐத் தாண்டாது, நெடுஞ்சாலைப் பகுதியில் 90-ஐத் தாண்டாது. நாற்கர சாலையில் நாம் அப்படியா போகிறோம்? 80-லிருந்து 100-க்குப் போனாலே காற்று தடுக்கும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். கம்பெனிகளுக்கும் இது தெரியும். டாடா தன் 45 யூனிட் நெக்ஸான் காருக்குச் சான்றிதழ் ரேஞ்ச் 489 என்று போட்டுவிட்டு, வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உண்மையில் கிடைப்பது 350 முதல் 370 வரை என்று தானே தனியாகச் சொல்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் விளம்பர எண்ணை மறந்துவிடு. யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேள். எங்கள் வண்டி 45 யூனிட். ஏசி போட்டு 95-ல் போனால் யூனிட்டுக்கு 6 கொடுக்கிறது, ஊருக்குள் 7-ஐத் தாண்டும்.

அடுத்தது சார்ஜ் வேகம். போன பொங்கலுக்குச் சென்னை போகும்போது உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு சார்ஜரில் நிறுத்தினோம். 60 கிலோவாட் என்று பெரிதாக எழுதியிருந்தது, அதாவது ஒரு மணி நேரத்தில் 60 யூனிட். 12 சதவீதத்தில் கன்னை, அதாவது சார்ஜ் வயரின் முனையில் இருக்கும் கைப்பிடியை, சொருகினேன். திரையில் 52 என்று காட்டியது. அரை மணியில் கிளம்பிவிடலாம் என்று அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து அதே மெஷினின் இரண்டாவது கன்னைச் சொருகியது. என் கண் முன்னாலேயே 52 என்பது 28 ஆனது. மெஷின் ஒன்று, 60-ஐ இரண்டு பேருக்கும் பங்கு போடுகிறது. அந்தத் தம்பிமேல் என்ன தப்பு? அவன் வண்டியில் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஆனால் பொங்கல் நேரத்தில் அவ்வளவு கூட்டம் வரும் என்று தெரிந்தும் அங்கே ஒரே ஒரு மெஷின் வைத்திருந்தவர்கள்மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அவர் அன்று ஒன்றேகால் மணி நேரம் காலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் தவித்தார்.

அதில் என் தப்பும் ஒன்று இருந்தது. 80 சதவீதம் வந்ததும் கிளம்பியிருக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று 95 வரை உட்கார்ந்தேன். 80 தாண்டியதும் திரையில் 22, அப்புறம் 17, கடைசியில் 11. பக்கத்து வண்டி போன பிறகும் அந்த எண் ஏறவில்லை. அது பேட்டரியின் குணம். காலியாக இருக்கும்போது லித்தியம் அயனிகள் உள்ளே போக நிறைய இடம் உண்டு. நிரம்ப நிரம்ப இடம் தேடி நெருக்கியடித்துக்கொண்டு போகும். அப்போது மின்சாரத்தை அதிகமாகத் தள்ளினால் லித்தியம் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும், பேட்டரி கெடும். அதனால் வண்டியே சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கூட்டமான பஸ்ஸில் கடைசிப் பத்துப் பேர் ஏறுவதை நினைத்துக்கொள். வெளியூரில் 10-லிருந்து 80 வரைதான் உன் பேட்டரி. 100 என்பது வீட்டில் ராத்திரி ஏற்றிக்கொள்வது.

இப்போது உன் இரண்டு வண்டிகள். கிரெட்டாவுக்கு 50 கிலோவாட் சார்ஜரில் 10-லிருந்து 80 வரை 58 நிமிடம் என்கிறார்கள். பிஇ 6-இன் 59 யூனிட் பேட்டரிக்கு 20-லிருந்து 80 வரை 20 நிமிடம், 140 கிலோவாட் வரை வாங்கும் என்கிறார்கள். பார்த்தாயா, ஒருவர் 10-லிருந்து எண்ணுகிறார், ஒருவர் 20-லிருந்து எண்ணுகிறார். அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. நிமிடத்துக்கு எத்தனை யூனிட் என்று மாற்றிக்கொள். கிரெட்டாவுக்கு 58 நிமிடத்தில் 36 யூனிட், பிஇ 6-க்கு 20 நிமிடத்தில் 35 யூனிட். அதாவது முன்னதன் சராசரி 37 கிலோவாட், பின்னதன் சராசரி 106. கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஆனால் உன் பாதையில் வைத்துப் பார்ப்போம். தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு. ஏறக்குறைய 400 கிலோமீட்டர், சேலம் சரியாக நடுவில். ஒரு விஷயம் யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர், பெங்களூரு 900-க்கு மேல். தொப்பூர் கணவாய் ஏறுவாயே, அதுபோக கிருஷ்ணகிரிக்கு அப்புறமும் ஏற்றம்தான். ஒன்றே முக்கால் டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 4 யூனிட் வேண்டும். திரும்பி வரும்போது இறக்கத்தில் அதில் ஒரு பங்கு பேட்டரிக்கே திரும்பி வரும். ஆகவே போகிற கணக்கு வேறு, வருகிற கணக்கு வேறு.

கிரெட்டாவுக்கு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தேன். 400-க்கு 67, ஏற்றத்துக்கு 4, மொத்தம் 71 யூனிட். வீட்டிலிருந்து 51 நிரப்பிக்கொண்டு போகிறாய், மகள் வீட்டில் இறங்கும்போது கையிருப்பு 5 வேண்டும். வழியில் ஏற்ற வேண்டியது 25. பிஇ 6 கனமான வண்டி, ஐந்தரை என்று வைத்தேன். 73, ஏற்றத்துக்கு 5, மொத்தம் 78. நிரப்பிக்கொண்டு போவது 59, கையிருப்பு 6. வழியில் ஏற்ற வேண்டியது அதே 25! இதைப் போட்டு முடித்தபோது பேனாவை வைத்துவிட்டு இன்னொரு தரம் சரிபார்த்தேன். பேட்டரி பெரிதானாலும் எடையும் கூடியதால் சேலத்தில் இரண்டுக்கும் ஒரே பசி.

அந்த 25 யூனிட் ஏற கிரெட்டாவுக்கு 40 நிமிடம். பிஇ 6-க்கு, அது கேட்கும் அளவு பெரிய சார்ஜர் இருந்தால், 15 நிமிடம். 60 கிலோவாட் சார்ஜர்தான் இருக்கிறது என்றால் 25 நிமிடம். அந்த 60-ஐ யாராவது பங்கு போட வந்துவிட்டால் இரண்டு வண்டிக்கும் 50 நிமிடம். அப்போது நீ ஆசைப்பட்டு வாங்கிய வேகம் அந்த மெஷினில் கிடைக்காது. ஆகவே ஷோரூமுக்குப் போகும் முன்னால் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, அப்புறம் கிருஷ்ணகிரி வரைக்கும், எந்தெந்த இடத்தில் என்ன மெஷின் இருக்கிறது, எத்தனை கன், பக்கத்தில் சுத்தமான கழிப்பறை உண்டா என்று பார். கழிப்பறையை நான் சும்மா சொல்லவில்லை. நம் வயதில் அதுவும் ரேஞ்ச்சில் ஒரு பகுதிதான்.

ஊருக்குள் ஓட்ட இந்தக் கவலை எதுவும் வேண்டாம். நாளைக்கு 25 கிலோமீட்டர் என்றாய். 4 யூனிட். 15 ஆம்பியர் பிளக்கில் ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடும். ஆனால் கலை, அந்தப் பழைய வீட்டு வயரிங்கை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடும், கார் மணிக்கணக்கில் ஒரே மாதிரி இழுக்கும். எங்கள் வீட்டிலேயே முதல் மாதம் பழைய பிளக் பாயின்ட்டில் போட்டேன். ஒருநாள் காலையில் பிளக்கைத் தொட்டால் சுட்டது, ஓட்டையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகிக் கிடந்தது. அன்றே மீட்டர் போர்டிலிருந்து தனியாக 6 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் இழுத்து, புது எர்த் குழியும் போட்டோம். எர்த் சரியில்லை என்றால் பல வண்டிகள் சார்ஜே ஏற்றாது. அதை வண்டிக் கோளாறு என்று நினைத்துப் பதறாதே. நல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வண்டி வருவதற்கு முன்பே முடித்துவிடு.

இன்னொன்று. பிஇ 6-இல் இருப்பது இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி, கிரெட்டாவில் நிக்கல் வகை. இரும்பு வகையை அவ்வப்போது 100 வரை ஏற்றுவது நல்லது, இல்லாவிட்டால் எத்தனை சதவீதம் மிச்சம் என்ற கணிப்பு பிசகும். நிக்கல் வகையை அன்றாடம் 80-ல் நிறுத்திவிட்டு, ஊருக்குப் போகிற முந்தின ராத்திரி மட்டும் நிரப்பு.

என் முடிவைக் கேட்பாய். நீ தனியாக, வருஷத்தில் பன்னிரண்டு தடவை போவாய். சேலத்தில் எப்படியும் டிபன் சாப்பிட 35 நிமிடம் ஆகும் உனக்கு, நீ சாப்பிடும் வேகம் எனக்குத் தெரியாதா! அப்படியென்றால் கிரெட்டாவின் 40 நிமிடம் உனக்குச் சுமையே இல்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மாப்பிள்ளையும் அடிக்கடி எடுத்து சென்னை, கொச்சி என்று ஓட்டுவார் என்றால் மட்டும் பிஇ 6.

1984-இல் உன் அண்ணனின் டிவிஎஸ் 50-ஐத் தெரியாமல் எடுத்துக்கொண்டு கல்லணை போனோமே, ஞாபகம் இருக்கிறதா? திரும்பும்போது பெட்ரோல் தீர்ந்து, திருவெறும்பூர் வரைக்கும் மாறி மாறி பெடல் மிதித்தோம். நீ அழுதுகொண்டே மிதித்தாய். உன் கடிதத்தில் "நடுவழியில் நின்றுவிடுமோ" என்ற வரியைப் படித்ததும் அந்த முகம்தான் தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

கோவையிலிருந்து சேலம் 165 கிலோமீட்டர்தான். டெஸ்ட் டிரைவ் எல்லாம் முடித்து வண்டியை முடிவு செய்ததும் சொல். நீ முதல் தடவை பெங்களூரு கிளம்பும் நாளில் நான் காலையிலேயே சேலம் வந்துவிடுகிறேன். நீ கன்னைச் சொருகிவிட்டு வா, இட்லி சாப்பிட்டுக்கொண்டே பேசலாம். வசம்பு வளையலை அங்கேயே உன் கையில் கொடுக்கிறேன்.

அன்புடன்,
வசந்தா